அப்பாவின் கணக்கும் என் சோதனையும்

சோதனையில் தேறியவர்களின் படத்தைத்தான் பத்திரிகைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் தேறாதவள். கடந்த ஜூலையில் எழுதிய ஆக்சுவரி சோதனையில் எனக்குக் கிடைத்தது ஐந்து புள்ளி. ஆறு எடுத்தால்தான் தேர்ச்சி.

ஈஜோக் என்றதும் 2007ஆம் ஆண்டு இடைத்தேர்தலைச் சொல்லுகிறவர்கள் உண்டு. அந்த ஈஜோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்த பெண் ஆக்சுவரிக்குப் படிக்கிறாள் என்றால், "அதென்ன, கிராணி வேலையா?" என்றுதான் கேட்கிறார்கள். கணக்கு எழுதுவது என்ற வகையில் அதுவும் பாதி சரிதான். எத்தனை வயதில் சேர்ந்தவர் எவ்வளவு கட்ட வேண்டும், நாளைக்கு அத்தனை குடும்பத்துக்கும் கொடுப்பதற்கு இன்றைக்கு எவ்வளவு கையில் இருக்க வேண்டும் என்று காப்புறுதி நிறுவனத்துக்குக் கணக்குப் பார்த்துச் சொல்பவரே ஆக்சுவரி. பட்டம் வாங்கியதும் முடிந்துவிடுகிற படிப்பல்ல இது. வேலைக்குப் போய்க்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாகச் சோதனை எழுத வேண்டும். நான் எழுதுவது அமெரிக்க ஆக்சுவரிகள் சங்கத்தின் சோதனைகள். நிகழ்தகவுச் சோதனையை இரண்டாம் முறையிலும், வட்டிக் கணக்குச் சோதனையை முதல் முறையிலும் தாண்டிவிட்டேன். மூன்றாவதில்தான் ஆயுள் கணக்கு வருகிறது. கட்டணம் டாலரில். நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் நெஞ்சு பகீரென்கிறது!

கோலாலம்பூரில் கணினி முன்னால் மூன்றரை மணி நேரம். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய ஆறு நிமிடந்தான் தாங்கும். நான் ஒரே கேள்வியில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். கேள்வியை வெளியில் சொல்லக்கூடாது என்பது விதி, ஆகவே சொல்லமாட்டேன். அது எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லலாம். சேமக் கையிருப்பு. புத்தகத்தில் சூத்திரத்தை மனப்பாடம் செய்திருந்தேன். அது எதற்காக என்று எனக்குள் இறங்கவேயில்லை.

செப்டம்பரில் முடிவு வந்ததும் இரண்டு நாள் விடுப்புப் போட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா திட்டவில்லை. சாப்பிட்டு முடித்தபின், "எந்தக் கணக்கும்மா வரலே?" என்று மட்டும் கேட்டார். சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே வேறொன்று நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டத்தில் மரண சகாய நிதி என்று ஒன்று இருந்தது. உங்கள் தோட்டத்திலும் இருந்திருக்கும். அப்பாதான் அதற்குக் கணக்கு எழுதினார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகள் ஆளுக்கு ஐந்து வெள்ளி. நூற்றிருபது வீடு. பொழுது சாய்வதற்குள் அறுநூறு வெள்ளி சாவு வீட்டுக்குப் போய்விடும். பெட்டிக்கும் லாரிக்கும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அன்றைக்கு லயத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ சாவு. ஐந்து வெள்ளி யாருக்கும் பாரமாகத் தெரியவில்லை.

பிறகு பிள்ளைகள் கிள்ளானுக்கும் சுங்கை பூலோவுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். வீடுகள் நாற்பதாகச் சுருங்கின. இருந்தவர்கள் கிழவர்கள். கொடுப்பவர் குறைந்தார்கள், சாவு குறையவில்லை. அப்பா ஐந்தைப் பத்தாக்கினார். உடனே, மிச்சமிருந்த இளம் குடும்பங்கள் "எங்க வீட்டுல இப்ப யார் சாகப் போறா?" என்று விலகிக்கொண்டன. பாரம் இன்னும் ஏறியது.

பக்கத்து வீட்டுப் பாட்டி இருபத்தெட்டு வருடம் ஒரு சாவுக்குக்கூடத் தவறாமல் கொடுத்தவர். அவர் போனபோது பணம் கொடுத்தவை பதினொரு வீடுகள். கோலசிலாங்கூர் அடகுக் கடையில் அம்மாவின் வளையலை வைத்துத்தான் அப்பா பாட்டியை அனுப்பிவைத்தார். அடுத்த வாரம் கோயில் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இத்தனை வருசக் காசெல்லாம் எங்கே?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் அவர் போனதில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்தக் கேள்வி எனக்குள்ளும் ஓரமாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சிக்கல் நம் தோட்டத்துக்கு மட்டும் வந்ததல்ல. 1706இல் இலண்டனில் தொடங்கிய அமிக்கபிள் சங்கம், இளையவரானாலும் முதியவரானாலும் ஒரே சந்தாதான் வாங்கியது. அதனால் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே பயந்தது. அப்படி வயதைக் காட்டி மறுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர். அவர் சும்மா இருக்கவில்லை. சேருகிற வயதுக்கு ஏற்றபடி ஒரு சந்தாவை நிர்ணயித்து, அதையே கடைசிவரை வாங்கினால் என்ன என்று கணக்குப் போட்டார். இளமையில் ஒருவர் கட்டுவது அந்த ஆண்டின் தேவைக்கு மிஞ்சும். அந்த மிச்சத்தைச் செலவழிக்காமல் வட்டிக்கு வளர்த்தால், முதுமையில் வருகிற பள்ளத்தை அது நிரப்பும். இந்தக் கணக்கை வைத்து ஈக்குவிட்டபிள் சங்கம் தொடங்கியது 1762இல். டாட்சன் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அந்த மிச்சத்துக்குத்தான் சேமக் கையிருப்பு என்று பெயர்.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்று கேட்பீர்கள். சோதனையில் எங்களுக்கு ஓர் ஆயுள் அட்டவணை தருகிறார்கள். அதன்படி ஓராண்டுக்குள் இறப்பவர்கள், நாற்பது வயதில் ஆயிரத்துக்கு அரை ஆள், அறுபதில் மூன்றரை ஆள், எழுபதில் பத்து, எண்பதில் முப்பத்து மூன்று. வயது ஏற ஏறச் சாவு ஒரே விகிதத்தில் பெருகுகிறது என்று 1825இல் எழுதிக் காட்டியவர் பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ். யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு அவருக்குத் திறக்கவில்லை; தானாகவே படித்துக்கொண்ட மனிதர். அதே அட்டவணையில், இருபது வயதில் 100,000 பேராக இருப்பவர்கள் அறுபதில் 96,634 பேராக இருக்கிறார்கள். பாடத்துக்கென்று செய்த அட்டவணை அது. எங்கள் லயத்தைப் பார்த்துச் செய்ததல்ல. எங்கள் வரிசையில் மட்டும் மூன்று ஆண்கள் அறுபதைப் பார்க்காமலே போனார்கள்.

அன்றிரவு அப்பா தகரப் பெட்டியிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். நீலக் கோடு போட்ட பழைய நோட்டு. பெயர், தேதி, வீட்டு எண், தொகை, வாங்கியவர் கையெழுத்து; கையெழுத்துத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை. முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்தேன். வந்த காசெல்லாம் அன்றன்றைக்கே போயிருக்கிறது. இத்தனை வருசக் காசு என்று ஒன்று சேரவேயில்லை. இளமையில் சேர்த்திருக்க வேண்டியதை யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. சேர்க்க வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லவும் அங்கே ஆளில்லை.

இதை நான் சொன்னபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் எழுதினதுல தப்பு இல்லையா?" என்றார்.

"எழுதினதுல ஒரு காசுகூடத் தப்பு இல்லப்பா. போட்ட திட்டந்தான் தாங்காது. வெள்ளைக்காரன் சங்கமே தடுமாறின இடம் அது."

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "வளையலை மூட்டாச்சு, அதைப் பத்தி இப்ப என்ன?" என்றார். ஆனால் விளக்கை அணைக்காமல் அங்கேயே நின்றிருந்தார்.

இந்தச் சோதனை வருடத்தில் மூன்று முறை நடக்கிறது. நவம்பருக்குப் பதிந்துவிட்டேன். பெரட்டுக்கு எழுந்த வீட்டுப் பழக்கம், காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வேலைக்குக் கிளம்பும்வரை இரண்டு மணி நேரம் படிப்பு. எட்டு நிமிடத்துக்குமேல் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டுவதில்லை என்று கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். சேமக் கையிருப்புப் பாடத்துக்கு இப்போது சூத்திரத்தை முதலில் எழுதுவதில்லை. நூற்றிருபது வீட்டை எழுதிக்கொள்கிறேன். யார் எத்தனை வயது, எவ்வளவு கொடுக்கிறார்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று வருடம் வருடமாக நடந்து பார்க்கிறேன். சூத்திரம் தானாக வருகிறது. எல்லாக் கேள்விக்கும் இப்படி நடக்க நேரமிருக்காது என்பதும் தெரியும்.

நோட்டுப் புத்தகம் இப்போது என் மேசையில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த நாளிலேயே சரியாகத் தொடங்கியிருந்தால் ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்டார்.

"சோதனை முடியட்டும்பா, போட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அவசரமில்ல. ஆனா பாட்டி வீட்டையும் சேர்த்துப் போடு" என்றார்.