மோட்டர் ஓடுது, ஏரியல் ஏறவில்லை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாமாவின் டொயோட்டா கரீனா நிற்கிறது. 1990களில் ஜப்பானில் ஓடி, பிறகு ரீகண்டிஷனாக இங்கே வந்த வண்டி. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிக் கார்களை ஆரும் லேசில் கைவிடுவதில்லை. 2025 தொடக்கத்தில் இறக்குமதி திரும்பத் திறந்தபோது, புதுக் காரின் விலையை விசாரித்துவிட்டு வந்த மாமா கரீனாவுக்கு நான்கு புது ரயர் போட்டார். மிச்சமிருந்த ஒரே குறை, றேடியோ ஏரியல். றேடியோவைப் போட்டால் பின் இடது மட்காட்டிலிருந்து தானாக எழும்ப வேண்டும். எழும்பவில்லை.

"மோட்டர் போயிட்டுதாம் தம்பி. செட்டையே மாத்தவேணுமெண்டு கராஜில சொல்லிப்போட்டாங்கள்" என்றார்.

மாமாவை உள்ளே இருந்து றேடியோவைப் போடச் சொல்லிவிட்டு, மட்காட்டில் காதை வைத்தேன். உள்ளே 'கிர்ர்ர்' என்று சீரான ஓட்டம், இடைக்கிடை 'டக், டக்'. பத்து செக்கன் அளவில் ஓய்ந்தது. நிப்பாட்டச் சொன்னேன், திரும்பவும் அதே சத்தம். போன மோட்டர் இப்படி ஓடாது. பியூஸ் நல்லது, வயரும் நல்லது, றேடியோவிலிருந்து வரும் கட்டளையும் போய்ச் சேருகிறது. பிறகு, மட்காட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த மொட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். எந்தப் பிடியும் இல்லாமல் முழுக் கம்பியும் மேலே வந்தது. விட்டதும் தன் பாரத்திலேயே உள்ளே சரிந்தது. கம்பியை மோட்டரோடு இணைக்கிற நைலோன் நாடா அறுந்திருக்க வேண்டும்.

திரும்ப இழுத்து அளவு நாடாவை வைத்தேன்: 80 சென்டிமீட்டருக்குக் கிட்ட. இவ்வளவு நீளம் என்னத்துக்கு என்று மாமா கேட்டார். எஃப்.எம். அலைவரிசையின் நடுப்பகுதியில், 100 மெகாஹேர்ட்ஸில், ஒரு அலையின் நீளம் 3 மீற்றர். அதில் கால்வாசி 75 சென்டிமீட்டர். கம்பி அந்த அளவுக்குக் கிட்ட இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். மாமாவின் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பான் றேடியோ 76 முதல் 90 வரைதான் எடுக்கும். இலங்கை நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. அதனால் டாஷ்போர்டுக்கு அடியில் எக்ஸ்பாண்டர் என்று ஒரு சின்னப் பெட்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஏரியலில் வருவதை 20 மெகாஹேர்ட்ஸ் கீழே இறக்கி றேடியோவுக்குக் கொடுக்கிறது. திரையில் 83 என்று காட்டினால் வெளியே அது 103. கம்பி உள்ளேயே கிடந்தால் அந்தப் பெட்டி எதை இறக்கிக் கொடுப்பது?

பெற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டு டிக்கியைத் திறந்தேன். இடது பக்க விரிப்பைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளில் பல வருடத்துத் தூசி அப்படியே படிந்திருந்தது, ஒரு நகக்கீறல்கூட இல்லை. மோட்டர் போய்விட்டதென்று சொன்னவர் மோட்டர் இருக்கும் இடத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

விரிப்பை விலக்கினால் செட் தெரிகிறது: ஒரு நீண்ட குழாய், அதன் அடியில் உள்ளங்கை அகல வட்டப் பெட்டி, பெட்டியோடு ஒட்டிய மோட்டர். பெட்டிக்கு வருவது ஒரு வயர்க்கட்டுதான். எப்போதும் மின்சாரம் உள்ள ஒன்று, எர்த் ஒன்று, றேடியோ போட்டிருக்கும்போது மட்டும் உயிர் வருவது ஒன்று. றேடியோவுக்குப் போகும் தடித்த கேபிள் தனி. கீழே 10 மில்லிமீற்றர் நட் ஒன்று. மேலே மட்காட்டில் இரண்டு வெட்டு உள்ள வளைய நட். வளைய நட்டுக்கென்று தனிச் சாவி இருக்கிறது. நான் வளைமூக்குக் குறட்டின் இரண்டு முனையையும் வெட்டுக்குள் வைத்துத் திருப்பினேன். கழன்றது, ஆனால் குரோமில் கீறல் விழுந்தது.

ஒழுங்கை மதிலில் பழைய பத்திரிகையை விரித்து வட்டப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். முதலில் வந்தது மணம்: பழைய கிரீசும் கடலுப்பும் கலந்த ஒரு புளித்த வாடை. கிரீஸ் தேன்நிறத்தில் இறுகிக் கிடந்தது. அதற்குள் சுருண்டிருந்தது அறுந்த நாடா, ஒரு பக்கம் முழுக்கச் சீப்பு மாதிரிப் பல். பல்சக்கரத்தில் ஒரு பல்லும் உடையவில்லை. சக்கரத்துக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்திப் பிடித்த இரண்டு தட்டுகள். கம்பி எல்லையைத் தொட்டதும் அவை வழுக்கி மோட்டரைக் காப்பாற்றும். அந்த 'டக், டக்' இவைதான். அறுந்த துண்டு சக்கரத்தில் இறுகி, தட்டுகளை வழுக்க வைத்திருக்கிறது. மோட்டரில் குறை இல்லை.

நாடாத் துண்டையும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு றெயில் ஏறினேன். இடது பக்கம் கடல் கூடவே வந்து, கோட்டைக்கு முன்னால் விலகியது. மருதானையில் இறங்கி, கார்ச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு நடக்கப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. நடைபாதை முழுக்க ஒயில் மினுக்கம். கதவுகள், கண்ணாடிகள், வயர்க்கொத்துகள், பெயர் எழுதிய கியர்பெட்டிகள். முதலில் கேட்ட கடையில் "கம்பி மட்டும் வராது, செட்தான், 14,000" என்றார்கள். பக்கத்துக் கடையில் 'எல்லா வண்டிக்கும் சரி' என்று ஒன்றை நீட்டினார்கள், 2,200 ரூபா. என் துண்டைப் பக்கத்தில் வைத்தேன். அதன் பல் பொடிப்பல். அது மாமாவின் சக்கரத்தில் ஒரு கிழமை தாங்காது.

உள்ளொழுங்கையில் ஒரு நாநா கண்ணாடி மேசையில் என் துண்டை வைத்து, தன்னிடமிருந்த நாடாவை அதோடு பல்லுக்குப் பல் கோத்துப் பார்த்தார். "கண்ண நம்புங்க மகன், பெட்டிய நம்பாதீங்க. ஆனா இது அசல் ஜப்பான்" என்றார். பெட்டியின் அடியில் சீனா என்று அச்சாகியிருந்தது. பல் இடைவெளி சரி, நாடாவின் தடிப்பும் சரி, கம்பியின் நீளமும் சரி. 3,800 சொன்னார், 3,500க்கு முடிந்தது.

திரும்பி வந்து பெட்டியை மண்ணெண்ணெயில் கழுவி, சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் புதுக் கிரீஸ் வைத்தேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாய் காரின் வயிற்றுக்கு இறங்குகிறது, மழைத்தண்ணீர் வழிய. அது சேற்றால் அடைபட்டிருந்தது. கம்பி விட்டு, ஊதி எடுத்தேன். இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் கராஜ்காரரின் வாக்கு உண்மையிலேயே பலித்திருக்கும்.

செட்டைப் பூட்டி, பெற்றரியைக் கொடுத்து, மாமாவை றேடியோ போடச் சொன்னேன். மோட்டர் மேலேற்றும் பக்கம் ஓடி நின்றது. புது நாடாவின் பல் சக்கரத்தைப் பார்க்கும்படி பிடித்து, குழாய்க்குள் விட்டு, முனை தட்டுப்படும் வரை தள்ளினேன். "இப்ப நிப்பாட்டுங்கோ மாமா!" நாடாவைச் சக்கரம் கவ்வியது, விரலிலிருந்து உருவிக்கொண்டு போனது. கம்பியை நேராகப் பிடித்திருப்பது மட்டுமே என் வேலை. கடைசியில் ஒரு சாண் வெளியே மிஞ்சியது. இன்னொரு தடவை போட்டு நிப்பாட்டினதும் அதுவும் உள்ளே போனது. வளைய நட்டை இறுக்கினேன்.

கம்பிக்குக் கிரீஸ் பூச மாமா டப்பாவோடு வந்தார். வேண்டாமென்றேன். கிரீஸ் காலி வீதித் தூசியையும் உப்பையும் பிடித்துக் குழாய்க்குள் கொண்டுபோகும். மாதத்துக்கு ஒருக்கா மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். காரைக் கழுவக் கொடுக்கும்போது றேடியோவை நிப்பாட்டிவிட வேண்டும். கீறல் விழுந்த வளைய நட்டுக்குப் பதிலாகப் புதுசு பஞ்சிகாவத்தையில் 600 ரூபா சொன்னார்கள். கீறலோடே இருக்கட்டும் என்கிறார் மாமா.