கூடத்தில் ஒலிக்கும் சிரிப்பு



குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க நகைச்சுவை நிகழ்ச்சி ஏதேனும் உண்டா என்று கோட்டூர்புரத்துப் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரிடம் கேட்கும் கேள்வியா இது எனச் சிலர் முகம் சுளிக்கலாம். நமக்கோ இது மிகவும் தேவையான கேள்வியாகவே படுகிறது. இஷாவுக்குப் பிறகு ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியே சிரித்துக்கொண்டிருக்கும் காலம் இது. அத்தாவும் அம்மாவும் பிள்ளைகளும் ஒரே வேடிக்கைக்கு ஒன்றாகச் சிரித்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்துத் தொடர்களைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

அமெரிக்கர்கள் 'சிட்காம்' என்றழைக்கும் வகையின் அமைப்பு எளியது. வாரந்தோறும் அதே வீடு, அதே மனிதர்கள். சிறு பொய்யோ தவறான புரிதலோ பெருஞ்சிக்கலாக முற்றி, அரைமணி நேரத்துக்குள் அவிழ்ந்துவிடும். இவ்வகைக்கு இலக்கணம் வகுத்துத் தந்தது 1951 அக்டோபர் 15 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஐ லவ் லூசி'. நாயகி லூசில் பால். அவருடைய கணவர் டெஸி ஆர்னாஸ் தொடரிலும் கணவராகவே வந்தார். நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடி வீடு. அதே கட்டடத்தில் வீட்டுக்காரத் தம்பதியான ஃப்ரெட்டும் எத்தலும். இந்த நால்வரே போதும். சாக்லேட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த லூசியும் எத்தலும், ஓடிவரும் சாக்லேட்டுகளைச் சுற்றி முடிக்க இயலாமல் வாயிலும் தொப்பியிலும் திணித்துக்கொள்ளும் 1952ஆம் ஆண்டுக் காட்சியை மொழி தெரியாத குழந்தையும் கண்டு சிரிக்கும்.

அந்நிகழ்ச்சி, அரங்கில் மக்களை அமர்த்தி, மூன்று படக்கருவிகளால் ஒரே வேளையில் படம்பிடிக்கப்பட்டது. நாம் கேட்கும் சிரிப்பு அங்கே அமர்ந்திருந்தவர்களின் சிரிப்பு. ஆனால் நம் மனத்தைத் தொடுவது வேறொரு செய்தி. டெஸி ஆர்னாஸ் கியூபாவிலிருந்து குடிபெயர்ந்தவர். ஸ்பானிய வாடை வீசும் ஆங்கிலம் பேசுபவர். அமெரிக்கப் பெண்ணின் கணவராக இவரை மக்கள் ஏற்பார்களா என நிறுவனத்தார் தயங்கினர். ஏற்பார்கள் என்று காட்டுவதற்காகவே அத்தம்பதி 1950இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்தனர். பிறகு ஒளிபரப்பான ஆறு பருவங்களுள் நான்கில் அதுவே நாட்டில் மிகுதியானோர் பார்த்த தொடராயிற்று. அயலார் என்று அஞ்சப்பட்டவர், வாரந்தோறும் வரவேற்கப்படும் வீட்டு மனிதர் ஆனார்.

நம் ஊரிலும் நகைச்சுவை மேடையிலிருந்தே திரைக்கு நடந்து வந்தது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோது, மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் நாடகக் குழுக்கள் செழித்திருந்தன. அவ்வழியில் வந்தவர் 'கிரேசி' மோகன். நம் கோட்டூர்புரத்தை ஒட்டியிருக்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர். மாணவப் பருவத்திலேயே நாடகம் எழுதத் தொடங்கியவர். 1979இல் தம் தம்பி பாலாஜியோடு 'கிரேசி கிரியேஷன்ஸ்' குழுவை நிறுவினார். மாது, சீனு, ஜானகி என்று அதே பெயர்கள் நாடகத்துக்கு நாடகம் திரும்ப வரும். சொல்லைப் பிடித்து, திருப்பி, மறுபடியும் வீசி விளையாடும் அந்த வேகத்தில், ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்தது வந்துவிடும். பாட்டியும் பேரனும் அருகருகே அமர்ந்து அதைப் பார்க்க முடிந்தது. 2019 ஜூன் 10 அன்று அவர் மறைந்தபோது நம் பகுதியில் மத வேறுபாடின்றிப் பலர் வருந்தினர்.

கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரையும் நம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். கணவர் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. சண்டை வரும், வெறுப்பு வராது. இல்லறத்தில் யார் வென்றார் என்ற கணக்கே வீண் என்பதை அது போதனையாகச் சொல்லாமல் சிரிப்பாகச் சொல்லிற்று.

இனி, நம் சமுதாயம் மனத்துக்குள் வைத்திருக்கும் ஒரு வலியைப் பேசவேண்டும். தமிழ்த் திரை நகைச்சுவையில் முஸ்லிம் என்றால் பெரும்பாலும் ஒரு தொப்பி, ஒரு லுங்கி, உடைந்த தமிழ். தலைமுறை தலைமுறையாகத் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட நமக்கு அந்தத் தமிழ் யாருடையது என்றே விளங்குவதில்லை. இதற்கு நடுவே, 1996இல் கிரேசி மோகன் வசனம் எழுதிய 'அவ்வை சண்முகி'யில் நாசர் ஏற்ற பாஷா பாத்திரம் தனித்து நிற்கிறது. வேலை கிடைக்கவேண்டும் என்பதற்காக, வாய்பேசாத பிராமணச் சமையற்காரராக ஒரு வீட்டில் நுழைகிறார் பாஷா. அங்கே நாம் சிரிப்பது அவருடைய மார்க்கத்தைக் கண்டன்று. ஒருவரின் கைப்பக்குவத்தை விட்டுவிட்டுப் பிறப்பை விசாரிக்கும் வழக்கத்தைக் கண்டே சிரிக்கிறோம். வாடகைக்கு வீடு தேடிப் போய், பெயரைச் சொன்னதும் கதவு மெல்லச் சாத்தப்படுவதை அறிந்த நம் குடும்பங்களுக்கு அந்தச் சிரிப்பின் அடியிலுள்ள கசப்பு நன்றாகவே புரியும்.

ஆயினும் நல்ல நகைச்சுவை தானாகவே மனத்தைத் திருத்திவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 1971இல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' என்னும் அமெரிக்கத் தொடரில் ஆர்ச்சி பங்கர் என்ற மனிதர் கறுப்பினத்தவரையும் அயலாரையும் வாய்க்கு வந்தபடி பழிப்பார். அவருடைய குறுகிய மனத்தை நகைப்புக்கு உள்ளாக்குவதே தயாரிப்பாளர் நார்மன் லியரின் நோக்கம். ஆனால் வித்மர், ரோக்கீச் என்னும் இரு ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. ஏற்கெனவே காழ்ப்புடைய பார்வையாளர்கள் ஆர்ச்சியையே மெச்சினர். வாதத்தில் வெல்பவர் அவர்தாம் என்றும் கருதினர். காட்சி ஒன்றுதான், பார்த்த உள்ளங்கள் வேறு.

எனவே, என்ன பார்க்கிறோம் என்பதோடு யார் அருகில் அமர்ந்து பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நம் மாலை மக்தபில் ஒருமுறை, திக்கிப் பேசும் மாணவரைப் போல் மற்ற பிள்ளைகள் பேசிக் காட்டிச் சிரித்தனர். எங்கே கற்றீர்கள் என்றோம். கைப்பேசியில் வந்த ஒரு துணுக்குக் காட்சியைச் சொன்னார்கள். அதைத் தனியே பார்த்த எந்தப் பிள்ளையிடமும், "அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும், கண்ணு?" என்று கேட்க எவரும் பக்கத்தில் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகவே பெரியவர்கள் உடன் அமரவேண்டும்.

இதற்கு நமக்கு முன்மாதிரியும் உண்டு. பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்துச் சலிக்கும்வரை நபி (ஸல்) அவர்கள் அவர்களுக்கு மறைப்பாக நின்றார்கள் என்பது புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ள செய்தி. வேடிக்கை பேசியபோதும் அவர்கள் உண்மையையே பேசினார்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதை சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. சிரிப்பு வேறு, ஏளனம் வேறு என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இவையே போதும்.

பழைய தொடர்களின் எல்லாக் காட்சிகளும் நமக்கு ஏற்றவை என்று சொல்லமாட்டோம். மதுவும் பொருந்தா உடையும் வரும் இடத்தில் நிறுத்தத் தெரிந்த கை வேண்டும். தொழுகை நேரம் காட்சி முடியும்வரை காத்திராது. இந்த எல்லைகளுக்குள், வாரத்தில் ஓர் இரவு கைப்பேசிகளை ஒதுக்கிவைத்து, வீட்டார் அனைவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து பாருங்கள். லூசியின் சாக்லேட் காட்சியிலிருந்தே தொடங்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் அழையுங்கள்; அவர்கள் எந்த மதத்தினராயினும் சரி. நம் கூடத்தில் நம்மோடு சேர்ந்து சிரித்த பிள்ளை, பின்னொரு நாள் நம்மைப் பற்றிய பொய்யை எளிதில் நம்பாது.

யாரையும் காயப்படுத்தாத மகிழ்ச்சியை அல்லாஹ் நம் இல்லங்களில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.