ஃப்ளோரிடாப் பயணம் – 4: கோட்டைக்கு எந்த லென்ஸ்?

ஆர்லாண்டோ பக்கத்து மேஜிக் கிங்டம் பூங்காவின் வாசலைத் தாண்டினால் ரயில் நிலையம், அதையடுத்து மெயின் ஸ்ட்ரீட், தெருக்கோடியில் சிண்ட்ரெல்லா கோட்டை. உள்ளே வருபவர்கள் அங்கேயே நின்று கேமராவைத் தூக்குகிறார்கள். பலர் கையில் 16 அல்லது 24 மி.மீ. வைடு லென்ஸ். கோட்டை முழுசாக அடங்க வேண்டுமே! அடங்குகிறது; ஆனால் பக்கத்துக் கடைகள் பெருத்து, கோட்டை பொம்மைபோல் சிறுத்துவிடுகிறது.

இந்தத் தெருவே ஒரு சினிமா செட் மாதிரிதான். 1955-இல் கலிஃபோர்னியாவில் திறந்த முதல் டிஸ்னிலேண்டை வடிவமைத்தவர்களில் பலர் திரைப்படக் கலை இயக்குநர்கள். மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சின்ன அளவில் கட்டினால் கட்டடம் உயரமாகத் தெரியும் என்பது அவர்கள் கைவந்த வித்தை. 1971-இல் திறந்த இந்தப் பூங்காவிலும் அதே உத்தி. கோட்டையின் உயரம் 189 அடி. மேலே போகப் போக ஜன்னல்களும் கோபுரங்களும் சிறுத்துக்கொண்டே போவதால், நேரில் பார்க்கையில் அண்ணாந்து மலைக்கிறோம். கல்லாகத் தெரிவதெல்லாம் கான்கிரீட்டும் ஃபைபர் கிளாஸும்தான்!

அந்த மலைப்பைப் படத்திலும் கொண்டுவர, ரயில் நிலையத்து மாடிக்கு ஏறி 85 முதல் 105 மி.மீ.க்குள் வைத்துப் பாருங்கள். இருபக்கக் கடைகளும் நெருங்கி வர, கோட்டை தெருவை ஆளும். இதற்கு 24–105 ஜூம் ஒன்றே போதும்.

இருட்டுக்குள் போனால் அது உதவாது. பைரேட்ஸ் ஆஃப் த கரிபியன் படகுச் சவாரியில் ஃபிளாஷ் கூடாது. படகும் நகர்கிறது, பொம்மைகளும் அசைகின்றன. கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி லென்ஸில் இருந்தும் பயனில்லை. எஃப்/4 ஜூமைவிட எஃப்/1.8 லென்ஸ் ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதனால் என் பையில் இரண்டாவது இடம் விலை குறைந்த, கைக்கடக்கமான 35 மி.மீ. எஃப்/1.8-க்குத்தான்.

கனமான 70–200-ஐ இங்கே சுமக்க வேண்டாம். 1998-இல் திறந்த அனிமல் கிங்டமின் சஃபாரி வண்டியில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் தூரத்தில் நிற்கும்போது அது தேவைப்படும், அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: ஏசி அறையிலிருந்து ஃப்ளோரிடாவின் ஈரக்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே சற்று நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிட்டு, பிறகு திறங்கள்.

அடுத்த இதழில் எப்காட்.