சாவிக்கொத்தும் சின்னப் பெண்களும்

அரையாண்டுப் பரீட்சை சமயம் அது. பிளஸ் ஒன் படிக்கும் என் மகளோடு சேர்ந்து படிப்பதற்காக அவளுடைய சிநேகிதிகள் 3 பேர் சனிக்கிழமை காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கூடத்தில் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு நான் அடுக்களையில் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. படிக்க வந்தார்களா, அரட்டை அடிக்க வந்தார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று 'தொப்'பென்று ஒரு சத்தம். பிறகு பேச்சே இல்லை. கையைக் கூடக் கழுவாமல் ஓடினேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பாயில் விழுந்து கிடந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகி, வாயோரம் நுரை தள்ளியது. எனக்கு உடம்பெல்லாம் வெலவெலத்துப் போய்விட்டது. அடுத்த நொடி, பீரோவில் தொங்கிய சாவிக்கொத்தை உருவிக்கொண்டு வந்தேன். "கையைப் பிரிச்சுப் பிடிங்கடி, இரும்பைக் கொடுக்கணும்!" என்று கத்தினேன்.

"அம்மா, சாவி வேண்டாம். நீ ஃபேனைப் போடு, போதும்" என்றாள் என் மகள். குரலில் பதற்றமே இல்லை.

அந்தச் சின்னப் பெண்கள் செய்ததை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டாள். ஒருத்தி தன் துப்பட்டாவை நாலாக மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். என் மகள் அவளுடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பக்கத்திலிருந்த முக்காலியை நகர்த்திவிட்டு, இழுப்பு கொஞ்சம் அடங்கியதும் மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். யாரும் கையைக் காலைப் பிடித்து அமுக்கவில்லை. வாயில் கரண்டியோ துணியோ திணிக்கவில்லை. 2 நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

அந்தப் பெண்ணின் உடை நனைந்துவிட்டிருந்தது. நான் கவனிப்பதற்கு முன்பே ஒரு போர்வை அவள் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. கண் விழித்து மலங்க மலங்கப் பார்த்தவளிடம் ஒருத்தி குனிந்து, "ஒண்ணுமில்லைடி, நாங்கதான். கணக்கு நோட்டை நீ இன்னும் தரலை, ஞாபகம் இருக்கா?" என்றாள். அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். என் மகளின் சுடிதார் ஒன்று பேச்சில்லாமல் அவள் கைக்குப் போயிற்று. அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வெட்கமாக இருந்தது எனக்கு. ஆனால் அதைவிட வெட்கப்பட வேண்டிய விஷயம் அதற்குப் பிறகுதான் நடந்தது.

தகவல் சொன்னதும் அந்தப் பெண்ணின் தாயார் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "மன்னிச்சுக்கங்க அக்கா, உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டோம். இனிமே அனுப்ப மாட்டேன்" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, குழந்தை எப்போ வேணுமானாலும் வரட்டும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரிங்க, பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க" என்றுதான் என் வாயிலிருந்து வந்தது.

அன்று ராத்திரி மகளிடம், "பாவம்தான். இருந்தாலும் நம்ம வீட்டுல ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது? நீயும் ரொம்ப ஒட்டிக்காதே" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. "அம்மா, நீ தினம் வெறும் வயித்துல தைராய்டு மாத்திரை போடறே. அதுக்காக உன்னை யாராவது வீட்டுக்கு வராதேன்னு சொல்லியிருக்காங்களா? அவளும் ஒரு மாத்திரை போடறா. பரீட்சைக்காக ரெண்டு நாள் சரியாத் தூங்காம படிச்சிருக்கா, அதான் வந்திருக்கு. இன்னொண்ணும்மா, பாவம்னு மட்டும் சொல்லாதே. அதுக்குத்தான் அவ அழுவா" என்றாள்.

என்னால் தூங்க முடியவில்லை. என் கண்முன் வந்து நின்றது அந்தப் பெண் அல்ல, என் அத்தை.

அப்பாவின் தங்கை அவர். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு 'காக்கா வலிப்பு' என்று வீட்டில் கிசுகிசுப்பார்கள். அப்பாயி போகாத கோயில் இல்லை, கட்டாத தாயத்து இல்லை. ஒருமுறை விறகடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து இடது கை வெந்துபோயிற்று. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, 1988-ல் விஷயத்தை மறைத்துக் கல்யாணத்தை முடித்தார்கள். நாற்பதாம் நாள் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தார். அதன் பிறகு பின்கட்டு அறைதான் அவருக்கு உலகம். என் கல்யாணத்தில் கூட, முகூர்த்த நேரத்தில் ஏதாவது ஆகிவிடப் போகிறது என்று அவரை மண்டபத்துக்கே கூட்டி வரவில்லை. எனக்குத் தெரியும். நான் ஏன் என்று கேட்கவில்லை. என் மகளிடம், "அத்தைப் பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதும் இல்லை.

மறுநாள் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இப்போ அவங்க எந்த டாக்டர்கிட்டே காட்டறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்குப் போனேன். அத்தை எந்த டாக்டரிடமும் காட்டிக்கொண்டிருக்கவில்லை. எப்போதோ ஒரு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை நினைத்தபோது போடுவதும், தீர்ந்தால் விடுவதுமாக இருந்திருக்கிறார். என் சித்தப்பாவோடு பேசி, அவரை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளை நரம்புகளுக்குள் எப்போதும் மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது சட்டென்று அளவு மீறிப் பாயும்போது வருவதுதான் வலிப்பு. பேயும் இல்லை, பாவமும் இல்லை, தொற்றுநோயும் இல்லை. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறதாம். சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

"அப்போ இரும்புச் சாவி கொடுத்தா நிக்குதே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பெரும்பாலும் வலிப்பு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா நின்னுடும்மா. நீங்க சாவியைத் தேடி எடுத்து வர்றதுக்கும் அது நிக்கறதுக்கும் சரியா இருக்கும். பேர் சாவிக்குப் போயிடுது" என்றார்.

ஒரு விஷயம்தான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஃபீனோபார்பிட்டால் என்ற மருந்தை வலிப்புக்குப் பயன்படுத்த ஆரம்பித்தது 1912-ல். ஃபெனிட்டாயின் வந்தது 1938-ல். என் அத்தை பிறப்பதற்கு முன்பே மருந்து இருந்திருக்கிறது! நாங்கள்தான் தாயத்தைத் தேடிப் போனோம். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. சட்டமும் அப்போது அத்தைக்கு எதிராகத்தான் இருந்தது. 1976-ல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, அடிக்கடி வலிப்பு வருவதையும் மணத்துக்குத் தடையான காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். 1999-ல்தான் அதை எடுத்தார்கள். சட்டம் மாறி இத்தனை வருஷம் ஆகியும் நம் மனசு மாறவில்லையே!

பொங்கல் லீவில் அந்தச் சிநேகிதிகளிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "உங்களுக்கெல்லாம் பயமே இல்லையாடி?" என்று கேட்டேன்.

ஒருத்தி உள்ளதைச் சொன்னாள். "பயந்தோம் ஆன்ட்டி. ஒன்பதாவது படிக்கும்போது கிளாஸ்ல முதல் தடவை வந்தப்போ எல்லோரும் வெளியே ஓடிட்டோம். அப்புறம் ரெண்டு வாரம் அவ ஸ்கூலுக்கே வரலை. எங்க சயின்ஸ் டீச்சர்தான், அவ விழுந்ததுல அவளுக்கு அவ்வளவு வலி இல்லை, கண் முழிச்சுப் பார்த்தா ஒருத்தரும் இல்லையே, அதுதான் வலின்னு சொன்னாங்க. அப்புறம் என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்தாங்க."

இன்னொருத்தி, "அவளை நாங்க ஒண்ணும் தாங்கறதில்லை ஆன்ட்டி. என் ரெக்கார்டு நோட்டுல மசியைக் கொட்டினதுக்கு நல்லாச் சண்டை போட்டேன்!" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். இரக்கம் என்றால் 'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்டுவதுதான் என்று நான் நினைத்திருந்தேன். இந்தப் பெண்களோ அவளோடு சண்டையும் போடுகிறார்கள், சமயத்துக்குத் தலைக்குத் துணியும் வைக்கிறார்கள். நம்மில் ஒருத்தி என்று நினைத்தால்தானே சண்டை போடத் தோன்றும்? அத்தையோடு நாங்கள் யாரும் சண்டை போட்டதே இல்லை. தட்டில் சோறு வைத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டோம். அதைத்தான் அன்பு என்று நினைத்துக்கொண்டோம்.

இந்தக் குழந்தைகள் பிறக்கும்போதே இந்த மனசோடு பிறக்கவில்லை. முதல் தடவை அவர்களும் ஓடினவர்கள்தான். யாரோ ஒருவர் நிறுத்தி வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நானோ சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்!

சகோதரிகளே, நான் காலம் கடந்து தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

யாருக்காவது வலிப்பு வந்தால் பக்கத்தில் இருக்கும் கூர்மையான, கெட்டியான சாமான்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள். கழுத்தில் இறுக்கமாக எது இருந்தாலும் தளர்த்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், பல் உடைந்துபோகும். நன்றாக நினைவு திரும்பும் வரை தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது. 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். முதல் தடவையாக வந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கைக்குழந்தைக்காரிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவது உண்டு. டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அது பிற்காலத்தில் வலிப்பு நோயாக மாறுவதில்லை. அதற்குள் குழந்தைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிடாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 'நன்றாகிவிட்டதே' என்று தாமாக நிறுத்தக் கூடாது. கல்யாணமான பெண்கள் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும்போதே டாக்டரைக் கேட்டு, தேவையானால் மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த நோய் உள்ள பெண்களில் பெரும்பாலோர் ஆரோக்கியமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மறைக்காதீர்கள். மறைத்ததன் விலையை என் அத்தை இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் அத்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு ஒரே ஒரு தடவைதான் வந்ததாம். கூடத்தில் நாற்காலி போட்டேன். உட்கார மாட்டேன் என்றார். "நான் பின்னாலேயே இருந்துக்கறேன் பாப்பா. யாராச்சும் வந்தா உனக்குத்தான் சங்கடம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று சனிக்கிழமை. வாசலில் செருப்புச் சத்தம். சிநேகிதிகள் வந்தார்கள், 3 பேரும். அந்தப் பெண்ணின் தாயாருக்கு நானே ஃபோன் செய்து, "சனிக்கிழமை தவறாம அனுப்பிடுங்க" என்று சொல்லியிருந்தேன். சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆயிற்று என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண் அத்தைக்குப் பக்கத்தில் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். "பாட்டி, நீங்க என்ன மாத்திரை போடறீங்க? எனக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றாள், ஏதோ வளையல் கணக்குப் பேசுவது போல.

அத்தை அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். நான் பஜ்ஜி மாவு கரைக்க உள்ளே போய்விட்டேன். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதில் ஒன்று அத்தையுடையது.