எர்த் எங்கடா?

பழைய ராணுவ ஜிப்சி ஒன்று வாங்கப் போகிறேன் என்றதும் தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "மழை பெஞ்சா உள்ள ஒழுகுமா?" என்பதுதான். ஒழுகும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாளைக்கு வீட்டில் வயர்லெஸ் சைலன்ஸ்.

புனேவுக்கு வந்து 16 வருஷம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் சேறும் மலையும் வேண்டியிருக்கிறது. 2022ல், ஏலத்தில் எடுத்து வைத்திருந்த ஒருவரிடமிருந்து ஜிப்சி என் கைக்கு வந்தது. ராணுவத்தில் இருந்தவரை நம்பர் பிளேட்டில் மேல் நோக்கிய அம்புக்குறியோடு கெத்தாக ஓடிய வண்டி. வெளியே வந்தபின் ஆர்.டி.ஓ. வாசலில் எல்லோரையும் போல் வரிசையில் நின்றது. இன்னொரு விஷயம், நம் நாட்டில் ஆலிவ் பச்சை நிறம் ராணுவ வண்டிக்கு மட்டும்தான். மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. அதனால் பச்சைக்கு மேல் சாம்பல் நிற பெயின்ட் அடித்தாயிற்று. இந்த பெயின்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

2024 ஜனவரியில் அம்மா தவறிவிட்டார். அப்பாவை ஊரில் தனியாக விட மனசில்லாமல் புனேவுக்கே அழைத்து வந்துவிட்டேன்.

அப்பாவுக்கு வேலூர் பக்கம் கிராமம். வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்தில் இருக்கும் ஊர். 1970ல் சிக்னல்ஸில் சேர்ந்து, ஜபல்பூரில் டிரெயினிங் முடித்து, 1994ல் ஹவில்தாராக வீடு வந்தவர். எனக்குத் தெரிந்த அப்பா, வருஷத்துக்கு இரண்டு மாசம் லீவில் வருகிற அப்பா. அவர் மொத்தமாக வந்து சேர்ந்தபோது நான் படிப்பு, வேலை என்று கிளம்பிவிட்டேன். போனில் எங்கள் பேச்சு இரண்டு நிமிஷத்தைத் தாண்டியதே இல்லை. "சாப்டியா? வேலையெல்லாம் எப்படி? சரி, அம்மாகிட்ட குடுக்கறேன்." இப்போது போனைக் கொடுக்க அம்மா இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவருமே அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் கீழே இறங்கி வந்து ஜிப்சியைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்க மூலையில் நான்கு ஓட்டைகள், அதை ஒட்டி ஒரு கனமான இரும்புத் தகடு. கயிறு கட்டுவதற்கு என்று நான் நினைத்திருந்தேன். விரலை வைத்துத் தடவிவிட்டு, "ஆன்டெனா பேஸ் இருந்த எடம். செட்டு வச்ச வண்டிடா இது" என்றார்.

எங்கள் கூட்டத்தில் நான்கு வண்டி. ஒவ்வொன்றிலும் ஹாம் ரேடியோ லைசன்ஸ் எடுத்தவர் ஒருவராவது உண்டு. மலைக்குள் போனால் செல்போனை நம்ப முடியாது என்பதால் எல்லோரும் இரண்டு மீட்டர் பேண்ட், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் செட்டு வைத்துக்கொள்வது என்று முடிவு. நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்தேன். கரன்ட்டுக்கு சிகரெட் லைட்டர் சாக்கெட். ஆன்டெனாவுக்கு காந்த அடிப்பாகம். ஜிப்சிக்கு மேலே இருப்பது கேன்வாஸ், காந்தம் எங்கே ஒட்டும்? பானெட் ஓரத்தில் ஒட்டி, கேபிளைக் கதவிடுக்கில் நசுக்கி உள்ளே விட்டேன்.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "எர்த் எங்கடா?"

"அதெல்லாம் உங்க காலம்ப்பா. இப்ப வர்ற செட்டுக்கு தேவையில்ல."

ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டார். தேவையில்லை என்பது தப்பு என்று எனக்கே தெரியும். எஞ்சினியரிங்கில் படித்ததுதான். சோம்பேறித்தனத்துக்குக் காலத்தைச் சாட்சிக்கு இழுத்தேன், அவ்வளவுதான்.

அந்த ஜூலையில் முல்ஷி வழியாக தாமினி காட் போனோம். அப்பாவும் வந்தார். காற்று, மழை, பத்தடிக்கு மேல் கண் தெரியாத மூடுபனி. முன்னால் இரண்டு வண்டி போய்விட்டது. மூன்றாவது வண்டி ஒரு திருப்பத்தில் வழுக்கி, சாலையோரச் சாக்கடையில் ஒரு பக்கமாய் இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அதில் இருந்த ஆறு வயசுப் பையனுக்கு வீசிங் உண்டு. பயத்திலும் குளிரிலும் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவனுடைய இன்ஹேலர் இருந்த பை, காலையில் சாமான் மாற்றி ஏற்றியதில், முதல் வண்டியில்.

அப்பா பையனை நிமிர்த்தி உட்கார வைத்து முதுகைத் தாங்கிக்கொண்டார். நான் செட்டுக்கு ஓடினேன். பட்டனை அழுத்தினால் செட்டு விளக்கு அணைகிறது. விட்டால் மறுபடி எரிகிறது. திரும்ப அழுத்தினால் திரும்ப அணைகிறது. இதில் கொடுமை என்னவென்றால், அவர்கள் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. "எங்கே இருக்கீங்க? ஏன் பதில் இல்லை?" என்று முதல் வண்டிக்காரர் ஹிந்தியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனில் ஒரு கோடுகூட இல்லை. ஃபியூஸைப் பிடுங்கினேன், சொருகினேன், சாக்கெட்டை ஆட்டினேன். இருபது நிமிஷம் போயிருக்கும். அத்தனை வருஷ எஞ்சினியர் வேலையும் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை.

நனைந்துகொண்டே அப்பா வந்தார். "என்னாச்சு?" நான் அழுத்திக் காட்டினேன். விளக்கு அணைந்ததைப் பார்த்தார்.

"பவரைக் கொறடா."

லோ பவருக்கு மாற்றி அழுத்தினேன். விளக்கு நின்றது. "காப்பி, காப்பி, திரும்பி வர்றோம்" என்று உடனே பதில். அவர்கள் இருந்தது மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. பத்து நிமிஷத்தில் இன்ஹேலர் வந்தது. பையன் மூச்சு சமனாக இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. மைக்கை அப்பாவிடம் நீட்டினேன், நீங்களே பேசுங்கள் என்று. "எனக்கு லைசன்ஸ் இல்ல. நீ பேசு" என்று பையனிடம் போய்விட்டார்.

ஏன் அப்படி ஆனது என்று சொல்லிவிடுகிறேன். கேட்பதற்கு செட்டு அரை ஆம்பியர்கூட இழுக்காது. பேசும்போது ஏழு ஆம்பியர் போல இழுக்கும். லைட்டர் சாக்கெட்டின் மெல்லிய வயரிலும் துருப்பிடித்த எர்த்திலும் சேர்ந்து 0.3 ஓம் தடை இருந்தாலே ஏழு ஆம்பியரில் 2.1 வோல்ட் காணாமல் போகும். ஹெட்லைட், வைப்பர், ஐட்லிங்கில் எஞ்சின் என்று பேட்டரியே 12.5ல் திணறும்போது செட்டுக்குப் போய்ச் சேர்வது பத்தரைதான். இந்த மாதிரி செட்டுகள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டில், 15 சதவீதம் கூடக் குறைய ஓடக்கூடியவை. 11.7க்குக் கீழே போனால் உத்தரவாதமில்லை. பவரைக் குறைத்ததும் ஆம்பியர் குறைந்தது, செட்டு பிழைத்தது.

வீடு வந்து சேரும்வரை அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "ஞாயித்துக்கெழம லீவுதான? ஸ்பேனர் செட்ட எடுத்து வை" என்றார்.

இரண்டு ஞாயிறு ஆனது. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு தடி வயர், பிளஸ் மைனஸ் இரண்டும். பிளஸ்ஸில் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஏனென்றால் வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் எரியப்போவது வண்டி. எஞ்சின் பக்கத்துத் தகட்டில் வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையம். கேபிள் உள்ளே நுழையுமுன் ஒரு தொங்கல், மழைத்தண்ணி அதிலேயே சொட்டிவிடும்.

ஆன்டெனாவைப் பழைய இடத்திலேயே வைத்தோம், அந்த நான்கு ஓட்டையில். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 2.07 மீட்டர். அதில் கால்வாசி 52 செ.மீ. நிஜத்தில் கம்பி கொஞ்சம் குறைவாகத்தான் வேண்டும். நீளமாக வைத்துக்கொண்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து நறுக்கினோம். "கம்பி பாதி ஆன்டெனாதான்டா. மீதிப் பாதி வண்டி உடம்பு. உடம்போட ஒட்டலன்னா கம்பி சும்மா கொடி மரம்" என்றார். கேன்வாஸ் கூரை வண்டியில் இது இன்னும் முக்கியம். தகடு பாடியில் நன்றாகப் பதிய வேண்டும், பாடியிலிருந்து சேஸிஸுக்குப் பின்னல் செம்புப் பட்டை போக வேண்டும்.

பதிய வேண்டுமென்றால் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். அப்பா உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தார். சாம்பல் போனது. அடியில் பச்சை வந்தது. கை நின்றுவிட்டது. ரூபாய் நாணயம் அளவுக்கு அந்தப் பச்சையைப் பார்த்தபடி இருந்தார். நான் காகிதத்தை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அப்புறம் அவரே தேய்த்தார், வெள்ளை இரும்பு தெரியும்வரை. அன்றைக்குத்தான் அப்பா எனக்கு ஜோங்கா வண்டியைப் பற்றிச் சொன்னார், ராத்திரி முழுக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னார், அம்மாவுக்குக் கடுதாசி போய்ச் சேர ஆகும் நாட்களை விரல்விட்டு எண்ணியதைச் சொன்னார். தலையை நிமிர்த்தாமல், நட்டை முடுக்கிக்கொண்டே. அது இரண்டு நிமிஷம் இல்லை, இரண்டு மணி நேரம்.

காந்த ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். மூன்று இருந்தது. அதாவது அனுப்பும் சக்தியில் கால்வாசி திரும்பி வந்துவிடும். இப்போது 1.5. திரும்புவது 4 சதவீதம்தான்.

விஷயம் கூட்டத்தில் பரவிவிட்டது. அடுத்த மாசம் ஒருவர் 24 வோல்ட் ராணுவ வண்டியோடு வந்தார். இரண்டு பேட்டரி தொடராக இருக்கிறதே, ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அப்பா அந்தக்கால ஹிந்தியில், "ரெண்டு மாட்டு வண்டில ஒரு மாட்ட மட்டும் அடிச்சு ஓட்டுவீங்களா?" என்றார். ஒரு பேட்டரி மட்டும் காலியாகும், சார்ஜ் இரண்டுக்கும் ஒரே மாதிரி போகும், ஒன்று பட்டினி, ஒன்று அஜீரணம், கடைசியில் இரண்டும் காலி. 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவதுதான் வழி. எல்லாம் முடித்து, வந்தவரிடமும் ஒரே கேள்வி: "லைசன்ஸ் இருக்கா?" வண்டியில் வைத்துப் பேச உங்கள் லைசன்ஸ் அனுமதிக்கிறதா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாமல் பட்டனைத் தொடுவது குற்றம்.

அப்பா இன்னும் மைக்கைத் தொடவில்லை. ஆனால் 73 வயசில் ஹாம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு போதுமேப்பா என்றேன். "மோர்ஸ் தெரியாத ஆபரேட்டர் என்னடா ஆபரேட்டர்?" என்று முறைத்தார். காலையில் ஸ்பூனால் டம்ளரில் தட்டிப் பழகுகிறார். எட்டு வயசு பேரன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாய் எழுதிக்கொள்கிறான். "மாமா, பால் ஆறுது" என்று தங்கமணி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

நேற்று அவர் தட்டியதை நான் எழுதிப் பார்த்தேன். தட்டுத் தடுமாறி பாஸ் செய்தவன், ஆனாலும் இவ்வளவு புரிந்தது: "சாப்டியா".

சாப்பிட்டேன்ப்பா என்று நானும் டம்ளரை எடுத்தேன்.