ஐஸ் பெட்டியைக் காலி பண்ணின கதை

கிராமத்து வீட்டில் பிரிட்ஜ் இருப்பது இப்போது பெரிய விஷயம் இல்லை. எங்கள் வீட்டில் அதுக்கு மேலே ஒன்று இருக்கிறது. ஐஸ்கிரீம் கடைகளில் பார்த்திருப்பீர்கள், மேல் மூடியைத் தூக்கித் திறக்கிற பெரிய பெட்டி. 300 லிட்டர். 2020 ஊரடங்கு சமயத்தில், கடையை மூடிவிட்டுப் போன ஒருத்தரிடம் பழைய விலைக்கு வாங்கினது. அப்போ சந்தைக்கு வண்டி போகாத நாட்கள் நிறைய. பறித்த காயை என்ன பண்ணுவது என்று தெரியாத காலம். ஊரில் எல்லோரும் இதை ‘ஐஸ் பெட்டி’ என்றுதான் சொல்வோம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயம் பண்ணுகிறவனுக்கு இந்தப் பெட்டியின் அருமை தெரியும். முருங்கை சித்திரை, வைகாசியில் காய்த்துத் தள்ளும். அப்போ பறிப்புக்கூலிக்கே கட்டாது. அதே முருங்கை கார்த்திகை, மார்கழியில் கண்ணிலேயே படாது, விலை எங்கேயோ போய் நிற்கும். தக்காளியும் அப்படித்தான். ஒரு மாசம் ரோட்டோரம் கொட்டுவோம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டினபோது எங்கள் காட்டில் ஒரு செடி இல்லை. ஆனால் ஐஸ் பெட்டியில் ஆறு பை தக்காளி இருந்தது. குழம்புக்கு அதுதான் ஓடியது.

உறைய வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பச்சை மொச்சை, முருங்கை மாதிரி காய்களைக் கொதிக்கிற தண்ணியில் இரண்டு மூணு நிமிஷம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணியில் போட்டு, ஈரம் போகத் துணியில் உலர்த்திப் பையில் கட்ட வேண்டும். அந்தக் கொதி காட்டாவிட்டால் ஐஸுக்குள்ளேயும் நிறமும் ருசியும் மெதுவாக மாறிக்கிட்டே இருக்கும். தக்காளிக்கு அது கூடத் தேவை இல்லை, முழுசாகவே போடலாம். எடுக்கும்போது தண்ணியில் காட்டினால் தோல் தானாகக் கழன்று வரும். உறைந்த தண்ணி உள்ளே சதையைக் கிழித்துவிடுவதால் கொழகொழவென்று ஆகிவிடும். பச்சையாகத் தின்ன முடியாது, குழம்புக்கு அதுவே வசதி.

போடுவது இவ்வளவு சுலபம். எடுப்பதுதான் நடப்பதில்லை.

பாட்டி காலத்திலும் சேமிப்பு இருந்தது. சுண்டை வத்தல், மணத்தக்காளி வத்தல், கொத்தவரை வத்தல், உப்புக்கண்டம், செம்மண் கட்டின துவரை, உப்புப் போட்டு அழுத்தின புளி எல்லாம் அடுக்குப்பானையில் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வெளியே வர ஒரு காலம் இருந்தது. வத்தல் மழைக்காலத்துக்கு. மாசி, பங்குனியில் புதுப்புளி வருவதற்குள் பழைய புளிப்பானை காலியாக வேண்டும், இல்லாவிட்டால் புதுசை எதில் வைப்பது? பானையே கேட்டுவிடும். ஐஸ் பெட்டி எதையும் கேட்காது. அதுக்கு மழை, வெயில், பட்டம் எதுவும் கிடையாது. மூடியைப் போட்டால் மறந்துவிடலாம்.

போன ஆவணியில் மூடி சரியாக மூடாமல் போனபோதுதான் எல்லாத்தையும் எடுத்துப் பார்ப்போம் என்று முடிவு பண்ணினோம். பெட்டியின் சுவரில் இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்தால் மோட்டார் ஓயாமல் ஓடும். எங்கள் பெட்டி நாளைக்குச் சுமார் இரண்டு யூனிட் இழுக்கும். இரண்டு மாசக் கணக்கில் 120 யூனிட். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற கணக்கில், இந்த 120தான் எங்கள் பில்லின் உச்சியில் போய் உட்காரும்.

விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், திண்ணையில் சாக்கை விரித்து எல்லாத்தையும் அடுக்கி எண்ணினோம். 64 பொட்டலம். கறி, கோழி, மீன் 18. மீதி மொச்சை, முருங்கை, தக்காளி, துருவின தேங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, மாங்காய்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பொட்டலத்தின் மேல் அவங்க போடுகிற அடையாளம் முடிச்சு. ஒரு முடிச்சு என்றால் வீட்டுக்கு. இரண்டு முடிச்சு என்றால் சென்னையில் இருக்கிற தங்கச்சிக்கு. மூணு முடிச்சு என்றால் பெங்களூரில் இருக்கிற தம்பிக்கு. வீட்டம்மா முடிச்சு வாரியாகப் பிரித்து வைத்தாள். வீட்டுக்கு 23. தங்கச்சிக்கு 19. தம்பிக்கு 22.

அதாவது, அந்தப் பெட்டியில் மூணில் இரண்டு பங்கு, இங்கே இல்லாதவங்களுக்கு வைத்தது.

பிள்ளைங்க வராமல் இல்லை. பொங்கலுக்கு வருவாங்க, ஏதாவது விசேஷத்துக்கு வருவாங்க. இரண்டு நாள் இருப்பாங்க. முதல் நாள் பட்டியில் இருக்கிற கோழியைப் பிடித்து அறுப்போம். இரண்டாம் நாள் மாமா வீட்டில் விருந்து. மூணாம் நாள் காலையில் பஸ். பெட்டிக்குள் இருப்பதை எடுக்கவே நேரம் வராது. கையில் கொடுத்து அனுப்பினால், ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் தண்ணி விட்டு ஒழுகும் என்று வேண்டாம்பாங்க. பொட்டலம் திரும்பவும் உள்ளே போய்விடும்.

"எல்லாத்தையும் ஆக்கிச் சாப்பிட்டுக் காலி பண்ணிரலாம்மா" என்றேன்.

"உங்களுதை ஆக்கிக்கங்க. அவங்களுதைத் தொடாதீங்க கண்ணு."

"மொச்சை போன தையில் போட்டதும்மா. இனி ருசி குறைஞ்சுக்கிட்டேதான் போகும்."

"அவன் வந்து கேட்டா நான் என்னத்தை எடுத்து வைக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டம்மாதான் சொன்னாள்: "கொழுந்தனார் வந்தா புதுசாவே பறிச்சு ஆக்கலாங்க அத்தை. காடு இங்கதானுங்களே இருக்கு, எங்க போகப்போகுது?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அதனால் ஆவணி முடிவதற்குள் 18 பொட்டலமும் தீர வேண்டும் என்று கணக்கு. சின்ன வெங்காயத்துக்குக் களையெடுக்க ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள், அவங்களுக்கும் சேர்த்தே சமைத்தோம். முதலில் மீன், ஏனென்றால் அதுதான் சீக்கிரம் கெடும். குளத்து மீனைத் தண்ணியோடு சேர்த்து உறைய வைத்தது காற்றுப் படாமல் நன்றாகவே இருந்தது. வெறும் பையில் கட்டின ஒரு பொட்டலம் காறல் வாடை அடித்தது, அதைத் தென்னைக்குக் குழி தோண்டிப் புதைத்தோம். மொத்தத்தில் வீணாய்ப் போனது அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு ஊரில் ஆடு அறுத்துக் கூறு போட்டதில் வந்த கறி, பத்து மாசம் ஆகியிருந்தது. ஓரங்களில் வெளுத்துக் காய்ந்த திட்டுகள். நிறைய பேர் அது கெட்டுப்போனது என்று தூக்கிப்போடுவாங்க. அது காற்றுப் பட்டு ஈரம் போன இடம், அவ்வளவுதான். வறுவலுக்குச் சக்கை மாதிரி இருக்கும். அந்த இடத்தைச் சீவிவிட்டு, மல்லி மிளகு வறுத்து அரைத்துக் குழம்பாக வைத்தால் ஒரு குறையும் தெரியாது. முதல் நாள் ராத்திரியே எடுத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட வேண்டும். வெளியே வைத்து இளக விட்டால் மேல்பக்கம் கெட ஆரம்பிக்கும், உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். இளகினதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். பெட்டி நிறைந்திருந்தால் கரண்ட் போனாலும் மூடியைத் திறக்காத வரைக்கும் இரண்டு நாள் தாங்கும். பாதி காலியானால் ஒரு நாள்தான். மாசம் ஒரு தடவை பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அதனால் பொட்டலம் குறையக் குறைய, காலி இடத்தில் தண்ணி பாட்டிலை வைத்து நிரப்பினோம். அதுவும் உறைந்து பெட்டியைக் காத்தது. களையெடுக்க வந்தவங்களுக்கு மதியத்தில் சில்லென்று தண்ணியும் ஆச்சு.

புரட்டாசியில் காய் முறை. முருங்கையையும் மொச்சையையும் இளக விடாமல் நேராகக் கொதிக்கிற குழம்பில் போட வேண்டும். மரவள்ளியும் அப்படித்தான், வேக வைத்துத் தாளித்தால் போதும். ஒரு மாசம் வீட்டுக்குக் காய் வாங்கவே இல்லை. வெங்காயமும் மிளகாயும் கறிவேப்பிலையும் வீட்டில் இருந்தது. சந்தைக்குப் போனதெல்லாம் விற்கத்தான்.

ஒரு முடிச்சுப் பொட்டலங்கள் சீக்கிரம் தீர்ந்தன. பிறகு இரண்டு முடிச்சும் மூணு முடிச்சும் மட்டும் கிடந்தன. நாங்கள் யாரும் கை வைக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் அம்மாவே மூடியைத் தூக்கி, மூணு முடிச்சில் ஒரு மொச்சையும் ஒரு பலாக்கொட்டையும் எடுத்துக்கொண்டு வந்தாங்க. பலாக்கொட்டை தாண்டிக்குடிப் பக்கமிருந்து வந்த பழத்தினுடையது, தம்பிக்கு உயிர் என்று சேர்த்தது. கத்தரிக்காய் நாலு பறித்துவரச் சொல்லி, புளி கரைத்து, தேங்காய் அரைத்து அவங்களே குழம்பு வைத்தாங்க. விசேஷம் இல்லை, விருந்தாளி இல்லை. நாங்கள் மூணு பேர்தான்.

சாப்பிட்டு முடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் இப்பவும் இது திம்பானான்னு தெரியல" என்றாங்க.

அன்றைக்கு ராத்திரி தம்பி போன் பண்ணினான். அம்மா குற்றம் பண்ணின மாதிரி குரலைத் தாழ்த்தி, "உனக்கு வச்சிருந்த மொச்சையை ஆக்கிட்டோம்டா" என்றாங்க.

"எனக்கா? எனக்கு எப்பம்மா வச்சீங்க? எனக்குத் தெரியவே தெரியாதே!"

தங்கச்சி விஷயம் இன்னும் வேடிக்கை. அவள் ஆட்டுக்கறியை விட்டு மூணு வருஷம் ஆகிறதாம். அவளுக்காக இரண்டு முடிச்சுப் போட்டு நாலு பை கறி இருந்திருக்கிறது. வீட்டை விட்டுப் போனபோது பிள்ளைங்க என்ன விரும்பித் தின்றார்களோ அதையே அம்மா இன்றைக்கும் எடுத்து வைக்கிறாங்க. நடுவில் என்ன மாறியது என்று யாரும் அவங்களிடம் சொன்னதில்லை. அவங்களும் கேட்டதில்லை. ‘உனக்காக வச்சிருக்கேன்’ என்று சொன்னால் வரச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிற மாதிரி ஆகிவிடுமோ என்று அவங்களுக்குக் கூச்சம்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் வீட்டு பிரிட்ஜிலும் உங்கள் பேரில் ஏதாவது இருக்கும். ஐஸ் பெட்டி வேண்டியதில்லை, பிரிட்ஜின் மேல்தட்டே போதும். அடுத்த தடவை போன் பண்ணும்போது, ‘சாப்பிட்டீங்களா’ என்பதோடு, ‘எனக்கு என்னம்மா எடுத்து வச்சிருக்கீங்க’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது அது பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே சொல்லலாம், தப்பில்லை. வரப்போவதில்லை என்றால், ‘இன்னைக்கே ஆக்கிச் சாப்பிடுங்க’ என்று நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். நாங்கள் பக்கத்தில் இருந்து ஆயிரம் தடவை சொன்னாலும் முடிச்சு அவிழாது, நீங்கள் சொன்னால் அவிழும். வருவதாக இருந்தால் தேதியைச் சொல்லுங்கள். வந்த அன்றைக்குப் புதுக்கோழி வேண்டாம், உள்ளே இருப்பதை எடுங்கள் என்று கேளுங்கள். கொண்டுபோவதாக இருந்தால் ஒரு தெர்மாகோல் பெட்டியில் இடைவெளி இல்லாமல் நிறைத்து, சுற்றிலும் செய்தித்தாள் வைத்து அடைத்தால், காய்ப் பொட்டலம் ஒரு ராத்திரிப் பயணம் தாங்கும்.

தீபாவளிக்கு முன்னால் பெட்டி காலியானது. ஐப்பசியும் கார்த்திகையும் நிறுத்தியே வைத்திருந்தோம். கழுவி, மூடி ஒட்டிக்கொள்ளாமல் ஒரு கட்டையை இடுக்கில் கொடுத்து வைத்தோம். இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். போட்ட மாசத்தை வீட்டம்மா தாளில் எழுதிப் பொட்டலத்துக்குள் வைக்கிறாள். பழையது மேலே, புதுசு அடியில். தையில் போடுகிற மொச்சை ஐப்பசிக்குள் தீர வேண்டும். கறி, மீன் போடுவதில்லை, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இது மாசி. புது மொச்சை 15 பொட்டலம் உள்ளே போயிருக்கிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன். 13இல் ஒரு முடிச்சு. இரண்டில் மூணு முடிச்சு. பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகலாம் என்று தம்பி டிக்கெட் போட்டிருக்கிறான். போனில் அவனே கேட்டுவிட்டான், மொச்சை இருக்காம்மா என்று.