வேட்டைக்கு முந்திய இரவு

ஐப்பசி முடியுந் தறுவாயில், கனடாவின் வடமேற்கு ஒன்ராறியோவிலே, ஏரிக்கரை மரவீடொன்றில் நாம் விருந்தினராய்த் தங்கியிருந்தோம். பேர்ச் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. ஏரியோரத்தில் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்தது. விடிந்தால் நண்பர் வேட்டைக்குப் புறப்படுவார்.

நம் நாட்டு மரையினும் பெரியது மூஸ். முதிர்ந்த கடா 500 கிலோவைத் தாண்டுவதுமுண்டு. வெள்ளைவால் மானோ அதனருகே கன்றுபோலத் தோன்றும். மூஸைச் சுடுவதற்கான சீட்டை 2021 முதல் புள்ளிமுறையில் வழங்குகின்றனர். ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் பலர்.

நண்பர் மேசையிற் பொருள்களைப் பரப்பினார்: திசைகாட்டி, தீப்பெட்டி, கம்பளிக் காலுறை, கயிறு, கத்திகள், இறைச்சி பொதியுந் துணிப்பைகள். செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் சட்டப்படி கட்டாயம். மனிதனை மானென மயங்கிச் சுடாதிருக்கவே இவ்வேற்பாடு.

“இத்தனை கயிறும் கத்தியும் எதற்கு?” என்று வினவினோம்.

“சுடுவது கணப்பொழுது; வேலை அதன் பின்னரே. விரைவிற் கூறாக்கிக் குளிரவிடாவிடில் இறைச்சி பழுதாகும். உண்ணத்தக்கதைக் கெடவிடுதல் இங்கே குற்றம்” என்றார்.

இறுதியாக, செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதினார். முன்னொருமுறை எழுதாமற் சென்று, வழிதவறிப் பனியில் ஓரிரவு கிடந்தாராம். அவர் மனைவியார் அத்தாளை இருமுறை வாசித்து விளக்கடியில் வைத்தார். அன்றிரவு அவ்வீட்டில் நன்கு உறங்கியவர் எவருமிலர்.